மாட்டுப் பவுண்டில் பதிவான விமானம்

விமானி வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றி என்னிடம் யோசனை கேட்க இனி ஒருவரும் வரப்போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் இரண்டு பேர் தர்மபுரிக்கே தேடி வந்துவிட்டார்கள். நான் வேலை பார்த்த விமானக் கம்பெனியின் தேர்வுப் பிரிவில் இப்போது இருப்பவர்கள். விண்ணப்பங்களை இனிமேல் கம்ப்யூட்டரே படித்து, மார்க் போட்டு, வேண்டாதவர்களைக் கழித்துவிடுமாம். "உங்க காலத்துல எப்படி சார் கழிச்சீங்க?" என்று கேட்டார் வந்த பெண். சிவப்புப் பென்சிலால் என்றேன். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பென்சிலால் ஒரு நல்ல விமானியை நான் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தவன். மயிரிழையில் தப்பித்தேன். அதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

நான் விமானி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் தெருவில் இன்றும் எனக்கு 'ஏரோப்ளேன் பாய்' என்றுதான் பெயர். அத்தா தர்மபுரி கடைவீதியில் பூட்டு ரிப்பேர் செய்தவர். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்பிங் பாஸ் செய்து, சென்னையில் அந்தக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கொஞ்ச காலம் தபால் பிரிவு, கொஞ்ச காலம் ஸ்டோர். அறுபதுகளின் நடுவில் விமானிகள் தேர்வுப் பிரிவில் போட்டார்கள். அங்கேயே தலை நரைத்தது.

வேலை இதுதான். விண்ணப்பம் வரும். கூடவே லைசென்ஸ், கண் காதுப் பரிசோதனைச் சான்று, லாக் புக். லாக் புக்கில் ஒவ்வொரு தடவை பறந்ததற்கும் ஒரு வரி உண்டு: தேதி, விமானம், புறப்பட்ட இடம், இறங்கிய இடம், எவ்வளவு நேரம், கடைசிக் கட்டத்தில் குறிப்பு. பயிற்சி கொடுத்த பறக்கும் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டிருப்பார். நான் மணிகளைக் கூட்டிப் பார்ப்பேன். பிறகு கிளப்புக்கு எழுதி, விமானத்துக்கென்று அவர்கள் வைத்திருக்கும் பதிவேட்டின் நகலை வரவழைத்து, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுவேன். ஒத்துப்போகாத நேரத்துக்கு எங்கள் பிரிவில் 'பேனா ஓட்டிய மணி' என்று பெயர். ஒரு மகானுபாவர், எஞ்சினைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்த நாளில் அதே விமானத்தில் இரண்டு மணி நேரம் பறந்திருந்தார். பூட்டுக்காரர் மகன் அல்லவா, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குச் சேராது என்று பார்த்தவுடனே தெரியும் என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. சேரவில்லை என்றால் விண்ணப்பத்தின் மூலையில் சிவப்பில் 'நீக்கலாம்' என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுப்பேன்.

தேர்வுக் குழுவின் தலைவர் கேப்டன் சாமுவேல். விமானப் படையில் இருந்துவிட்டு வந்தவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் நோக்கித்தான் படிப்பார். "முதல் பக்கத்தை எல்லாரும் அழகாத்தான்வே எழுதுவாங்க" என்பார். நேர்முகத் தேர்வுக்கு வருகிறவரை உட்காரவைத்து, டீ கொடுத்து, முதல் கேள்வியிலேயே வேண்டுமென்றே ஒரு தப்பைச் சொல்வார். "உம்ம லைசென்ஸ் நம்பர் இதுதானே?" என்று வேறு ஒரு நம்பரைப் படிப்பார். "இல்ல சார், அது என் நம்பர் இல்ல" என்று சொல்கிறவனுக்கு அங்கேயே மார்க். பெரியவர் சொல்கிறாரே என்று தலையாட்டுகிறவன், நாளைக்குப் பக்கத்து சீட்டு கேப்டன் மலையைப் பார்த்து ஓட்டினாலும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்பது அவர் கட்சி. கடைசிக் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான். "இதுவரைக்கும் நீர் செஞ்ச பெரிய தப்பு என்ன?" ஒன்றும் இல்லை என்று சொன்னவர்களுக்குக் கை கொடுத்து அனுப்பிவிடுவார்.

இந்தக் கடைசிக் கேள்விதான் வினையாகப் போயிற்று. இரண்டு மூன்று வருஷத்தில் விஷயம் கிளப் கிளப்பாகப் பரவிவிட்டது. சாமுவேல் சாரிடம் தப்பை ஒத்துக்கொண்டால் வேலை நிச்சயம் என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். அப்புறம் கேட்கவேண்டுமா! அறுபதுகளின் கடைசியில் வந்த விண்ணப்பங்களில் பாவமன்னிப்பு வாசனை மூக்கைத் துளைத்தது. ஒருவர் இறக்கையைச் சுவரில் உரசிவிட்டதற்காக ஒன்றரைப் பக்கம் அழுதிருந்தார். எழுதிக் கேட்டால், அந்தக் கிளப்பில் சுவரே கிடையாது, முள்வேலிதான் என்று பதில் வந்தது. இல்லாத மணியைக் காட்டியவர்களைப் பிடிக்கப் பழகியிருந்த நான், இல்லாத தப்பைக் காட்டுகிறவர்களையும் பிடிக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சமயத்தில் வந்ததுதான் தேவராஜின் விண்ணப்பம். விபத்து ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு எதிரே அவர் எழுதியிருந்தது மூன்றே வாக்கியம். தனியாக நெடுந்தூரம் பறக்கும் பயிற்சியில், தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிக்கு அருகே, பெட்ரோல் தீர்ந்து வயலில் இறங்கினேன். புறப்படுமுன் தொட்டியை அளந்து பார்க்கவில்லை. தவறு என்னுடையது.

அவருடைய லாக் புக்கில் அந்தப் பயணத்துக்கு எதிரே குறிப்பு வேறுவிதமாக இருந்தது. 'எஞ்சின் கோளாறு. வயலில் இறக்கம். விமானிமீது குற்றமில்லை.' கீழே தலைமைப் பயிற்சியாளரின் கையெழுத்து. கிளப்புக்கு எழுதினேன். எஞ்சின் கோளாறுதான், எங்கள் பதிவேடு சரியானது என்று பதில் வந்தது. கிளப்பின் பெயர் இங்கே வேண்டாம்.

எனக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. எஞ்சின்மேல் பழி இருக்கும்போது அதை இழுத்துத் தன் தலைமேல் போட்டுக்கொள்கிற ஆள் யார்? சாமுவேல் சாருக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்த ஆள்தான். சிவப்புப் பென்சிலை எடுத்து, 'போலி ஒப்புதல். நம்பத்தக்கவர் இல்லை. நீக்கலாம்' என்று எழுதினேன். மற்றவர்களுக்கு ஒரே வார்த்தை எழுதுவேன், இவருக்கு மூன்று வாக்கியம். அவ்வளவு கோபம் எனக்கு. எங்கள் கம்பெனி மட்டுமில்லை, 'நம்பத்தக்கவர் இல்லை' என்ற குறிப்பு ஏறிவிட்டால் வேறு கம்பெனியும் தொடாது. அவருடைய பறக்கும் வாழ்க்கை அத்தோடு சரி. அது தெரிந்துதான் எழுதினேன்.

கேப்டன் கோப்பைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டு வந்தார். என் சிவப்பு எழுத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"மாரண்டஹள்ளி உம்ம ஊர்ப் பக்கம்தான, இப்ராஹிம்?"

"ஆமா சார். பாலக்கோடு தாண்டிப் போகணும்."

"அவரு பொய் சொல்றாருன்னு உமக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு ரெக்கார்டு எதிரா இருக்கு சார். அவர் பேச்சு ஒண்ணுதான் வேற மாதிரி இருக்கு."

"ரெண்டையும் எழுதினது ஒரே கை. அப்ப அது ஒண்ணுதான்வே." கோப்பை மூடி என் பக்கம் தள்ளினார். "வயல்ல எறங்கினா யாராச்சும் பாத்திருப்பாங்க. போய்க் கேட்டுட்டு வாரும்."

எனக்கு அது அவமானமாகத்தான் பட்டது. ஆனாலும் போனேன். தர்மபுரியில் அக்கா வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, காலையில் பாலக்கோட்டில் பஸ் மாறி, மாரண்டஹள்ளியில் இறங்கினேன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று, ஏரோப்ளேன் எங்கே இறங்கியது என்று கேட்டேன். நான்கு பேர் ஒரே நேரத்தில் நான்கு பக்கம் கை காட்டினார்கள். ஐந்தாவது ஆள், "கெம்பம்மா கொல்லையிலங்க. அந்தம்மாதான் அதெப் புடிச்சுக் கட்டிப் போட்டுது" என்றார்.

கட்டிப் போட்டார் என்பதை நான் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஊருக்கு வெளியே இரண்டு மைல் நடந்து அந்தக் கொல்லைக்குப் போனேன். கெம்பம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். தனியாளாக ராகி வெள்ளாமை செய்கிறவர். என்னைப் பார்த்ததும் ஏரோப்ளேன் ஆள் என்று தெரிந்துகொண்டு, மம்பட்டியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"கேவுரு கதிரு வாங்கி நிக்கிதுங்க பாய். சத்தமே இல்லாம கழுகு மாதிரி வந்து, பாதிக் கொல்லைய உழுது போட்டு நின்னுச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு மம்பட்டியால ஒரே போடு போட்டிருப்பேன். அந்தத் தம்பி எறங்கி வந்து மொதல்ல என்னெப் பாத்துக் கும்பிட்டாரு. தப்பு என்துதாம்மா, எண்ணெ இருக்குதான்னு பாக்காம வந்துட்டேன்னாரு. தப்பு என்துன்னு சொல்றவனெ எப்படிங்க அடிக்கிறது?"

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"பயிரெ மேஞ்சதெ வுட்ருவாங்களா? மாட்டுக் கயிறு எடுத்தாந்து புளியமரத்துல இழுத்துக் கட்டுனேன். அந்தத் தம்பியே, வாலுல இல்லெம்மா, ரெக்கைக்கு அடியில ஒரு வளையம் இருக்குது, அதுல கட்டுங்க, காத்து அடிச்சா கவுந்துரும்னு சொல்லி, கூடப் புடிச்சுக் கட்டுனாரு. அப்பறம் மணியக்காரர் வூட்டுக்கு ஆளனுப்புனேன்."

மறுநாள் கிளப்பிலிருந்து ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்களாம். தகர டின்னிலிருந்து பெட்ரோலை ஊற்றி, முன்னால் இருக்கும் விசிறியை ஒரு சுற்று சுற்றினார்களாம். "டுர்ருன்னு கெளம்பிக்கிச்சுங்க. ஒரு ஸ்பேனரு கூடத் தொடலெ" என்றார் கெம்பம்மா. காய்ந்துகிடந்த ஏரிக்குத் தள்ளிக்கொண்டுபோய், அங்கிருந்து மேலே கிளப்பினார்களாம்.

எஞ்சின் கோளாறு என்பது அங்கேயே பொடிப்பொடியாகிவிட்டது. ஆனாலும் வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு தேர்வுக் குழுவின் முன்னால் போய் நிற்க முடியாது. இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் யாரும் எதையும் சொல்லலாம், அந்தப் பையனே வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் என்பார்கள். அன்றைக்கே எழுதிய எழுத்து வேண்டும். மணியக்காரரைத் தேடிப் போனேன். கிராம நிர்வாகமெல்லாம் அப்போது மணியக்காரர் கையில்தான்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. "மேலெடத்துல இருந்து கேக்கறாங்களா பாய்? நான் எழுதுனது தப்புங்களா?" என்றார். அப்படிப் பயப்படும்படி என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி ஒரு நீளமான பதிவேட்டை எடுத்துவந்தார். அது பவுண்டுப் புத்தகம். பயிரை மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைத்துவைக்கும் இடத்துக்குப் பவுண்டு என்று பெயர். மாட்டுக்காரர் வந்து, மாடு எப்படித் தப்பிவந்தது என்று காரணம் சொல்லி, கையெழுத்துப் போட்டால்தான் அவிழ்த்துவிடுவார்கள்.

"ஆகாசத்துல இருந்து வந்ததெ எழுதறதுக்குத் தனியா புஸ்தகம் இல்லெங்க பாய். எழுதாமயும் வுடக் கூடாது. பயிரு சேதம்னு பாத்தா இந்தப் புஸ்தகம் ஒண்ணுதாங்க இருக்குது" என்றார்.

பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். மேலே இரண்டு எருமை, ஒரு கிடாரி. அதற்குக் கீழே அச்சடித்த கட்டங்களில் அவருடைய மணிமணியான கையெழுத்து. கால்நடையின் இனம்: ஆகாய விமானம், சிறியது. நிறம்: வெள்ளை, சிவப்புப் பட்டை. கொம்பு: இல்லை. சூட்டுக்குறி: வாலில் இங்கிலீஷ் எழுத்து. சேதமான பயிர்: கேழ்வரகு. பிடித்துக் கொடுத்தவர்: கெம்பம்மாள். ஓட்டிவந்தவர்: தேவராஜ். தப்பிவந்த காரணம் என்ற கட்டத்தில், இடம் போதாமல் ஓரத்திலும் ஏறி, இப்படி இருந்தது. 'ஓட்டிவந்தவர் தானாகச் சொன்னது. கிளம்பும்போது பெட்ரோல் எவ்வளவு என்று குச்சி விட்டுப் பார்க்கவில்லை. யந்திரத்தில் பழுதில்லை. தப்பு என்மேல்.' கீழே தேவராஜின் கையெழுத்து, தேதியோடு. லாக் புக்கில் இருந்த அதே தேதி.

நான் அவர் வீட்டுத் திண்ணையில் அப்படியே சாய்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நான் எவ்வளவு பெரிய பாவத்திலிருந்து தப்பியிருக்கிறேன்! மணியக்காரர் பயந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "தப்பே இல்லீங்க, ரொம்பச் சரியா எழுதியிருக்கீங்க" என்று நான் சொன்ன பிறகுதான் அவருக்கும் மூச்சு வந்தது. நகல் எடுத்து, அவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு அன்று சாயங்காலமே கிளம்பினேன்.

தேர்வுக் குழுவில் கேப்டன் அதை வாய்விட்டுப் படித்தார். 'கொம்பு: இல்லை' என்ற இடத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஒரு உறுப்பினர் மட்டும் சிரிக்கவில்லை. "மாட்டுப் புத்தகத்தை நம்பியா நாம ஆள் எடுக்கப்போறோம்?" என்றார்.

"அன்னைக்கு இவரு முன்னால நம்ம கம்பெனியும் இல்ல, நானும் இல்ல. மம்பட்டியோட ஒரு அம்மா நின்னாங்க. அங்க பொய் சொன்னாத்தான் லாபம். லாபம் இல்லாத எடத்துல சொன்னதத்தான நாம நம்பணும்?" என்றார் கேப்டன்.

உறுப்பினர் விடவில்லை. "சரி, உண்மையே சொல்லட்டும். பெட்ரோல் பாக்காம கிளம்பினது உண்மைதானே? நாளைக்கு நாப்பது பேரை ஏத்திக்கிட்டு இப்படிக் கிளம்பினா?"

நியாயமான கேள்வி. கேப்டனும் அதை மறுக்கவில்லை. "மறுபடியும் அப்படிக் கிளம்புறாரான்னு பாத்துடுவோம்" என்றார்.

அடுத்த வாரம் மீனம்பாக்கத்தில் ஓட்டிக்காட்டும் தேர்வு. அன்று நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரே நாடகம். கேப்டன் முன்கூட்டியே சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். மெக்கானிக், "டாங்க் ஃபுல் சார், நானே பாத்துட்டேன்" என்பார். கேப்டன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, "லேட்டாகுது, ஏறும் ஏறும்!" என்று கத்துவார். முதலில் வந்த இருவர் ஓடிப்போய் ஏறினார்கள். மூன்றாவது தேவராஜ். அப்போதுதான் அவரை முதல்தடவை பார்த்தேன். ஒல்லியான உடம்பு, இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. நான் கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு கொட்டகை ஓரம் நின்றேன். ஏறிவிடாதே, ஏறிவிடாதே என்று என் வாய் முணுமுணுத்தது.

அவர் கதவுவரை போனார். கையைக் கைப்பிடியில் வைத்தார். பிறகு கையை எடுத்து, "ரெண்டு நிமிஷம் சார்" என்றார்.

"ஃபுல்லுன்னு அவரு சொல்றாருல்லா?"

"சொன்னாரு சார். நான் பாக்கல."

ஏணியை அவரே இழுத்துப் போட்டார். மூடியைத் திறந்து, அளவுக்குச்சியை விட்டு எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். இறங்கி வந்து கேப்டனிடமும் காட்டினார். "இப்ப போலாம் சார்." கேப்டன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் பக்கத்தில் கிடந்த டயரின்மேல் உட்கார்ந்துவிட்டேன். நான்காவது ஆளும் ஓடிப்போய்த்தான் ஏறினார்.

வேலை உத்தரவை நானே டைப் அடித்தேன். முடிவு என்னவென்று தெரியாமல் தேவராஜ் அலுவலகத்துக்கு வந்தபோது கேப்டனும் இருந்தார். உத்தரவு இருந்த கவரைக் கையில் கொடுக்குமுன் எனக்கு மனசு கேட்கவில்லை.

"உங்களை நீக்கச் சொல்லி எழுதினது நான்தாங்க. போலின்னு எழுதினேன். தப்பு என்னுது."

"நான் உங்க எடத்துல இருந்தாலும் அப்படித்தான் சார் எழுதியிருப்பேன். எங்க வீட்லயே யாரும் நம்பல. எஞ்சின்னு எழுதியிருக்கே, நீ ஏன் ஒளர்றேன்னு அப்பா கேட்டாரு. எங்க பயிற்சியாளர், கிளப் பேரு கெட்டுடும், வாயை மூடுன்னுட்டாரு. லாக் புக்ல அந்தப் பக்கத்தைப் பாக்கப் பிடிக்காம, அதை முன் பக்கத்தோட சேத்து ஒட்டி வெச்சுட்டுத்தான் சார் மேல எழுதிட்டு வந்தேன். உங்களுக்கு அனுப்பும்போதுதான் பிரிச்சேன்."

நான் கொடுத்த கவரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த அவருடைய லாக் புக்கைக் காட்டி, "சார், இதை இப்ப திருத்திக்கலாமா?" என்று கேப்டனிடம் கேட்டார்.

கேப்டன் தன் பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தார். தேவராஜ் அந்தப் பக்கத்தை விரித்து, 'எஞ்சின் கோளாறு' என்பதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார். பழைய எழுத்து தெரியும்படியாகத்தான் அடிக்க வேண்டும், அது விதி. மேலே, 'பெட்ரோல் தீர்ந்தது. நான் அளக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேப்டனும் பக்கத்தில் போட்டார். சாட்சியாக என்னையும் போடச் சொன்னார்கள். போட்டேன். தேவராஜ் "அப்பாடா" என்று நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் கவரைப் பிரித்து, வேலை கிடைத்துவிட்டதா என்று படித்தார்.